பிறநாட்டுக் கல்வியும் நம் சிறுவரும்



பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலுள்ள நம் சிறார்க்கு எத்தகைய கல்வி வேண்டும் என்பதே நாம் இன்று ஆராயப் புகுந்த விஷயம்.

கவி ரவீந்திரநாத தாகூர், 1901இல் சாந்திநிகேதனத்தில் பள்ளி நிறுவிய உபாத்தியாயருமாவார். 1916இல் ஜப்பான் சென்ற அவர், அந்நாட்டாரின் சித்திரத்திலும் அன்றாட வாழ்விலும் விளங்கிய அடக்கத்தையும் அழகையும் கண்டு வியந்தார். ஓவியர் அராய் காம்போவைக் கல்கத்தாவுக்கு வருவித்து நம்மவர்க்குக் கற்பிக்கச் செய்தார். 1929இல் தகாகாகி என்னும் ஆசிரியர் சாந்திநிகேதனம் வந்து ஜூடோ பயிற்றினார்; பெண்களும் பயின்றனர். எனினும் ஜப்பானியரின் தேசிய வெறியைத் தாகூர் அந்நாட்டிலேயே நின்று கண்டித்தார். கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுதலே கல்வியின் பயன்.

நம் தொழிலுக்கும் இவ்வழி திறந்ததுண்டு. பிரடெரிக் நிக்கல்சன் ஜப்பான் சென்று மீன்தொழிலை ஆராய்ந்து 1907இல் குறிப்புநூல் வெளியிட்டார். சென்னை மாகாண மீன்துறைக்கு வித்திட்டவரும் அவரே. மீன்தொழிலைக் கல்லூரியிற் கற்பிக்கும் வழக்கம் அக்காலத்தே ஜப்பானில் இருந்தது.

நம்மிடமும் கற்பிக்கத்தக்கது உண்டு. சீட்டுப் போட்டு, வலையிடும் துறைகளை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ நம் முன்னோர் வகுத்த நீதி. இதனையும் ஏரியின் நீர், மீன், காற்று இவற்றையும் பள்ளியில் சொல்லித்தருதல் வேண்டும். பாட்டிற் பெண்மக்களுக்குப் பங்கில்லை. படிப்பிலேனும் அக்குறை வேண்டா. ஆதலின் ஒவ்வொரு குடும்பத்தாரும் மகனோடு மகளையும் பள்ளிக்கு அனுப்புவீராக.