படம் காட்டிப் படிப்பிப்போம்

(ஆண்டு விழாவை முன்னிட்டு நடைபெற்ற ஞாயிறு பாடசாலை ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கணினியில் படங்களைத் திருத்தும் மென்பொருளைக் கற்று, வகுப்புக்கு வேண்டிய படங்களை நாமே செய்வது பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

விதைக்கிறவனின் உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். வழியோரம், கற்பாறை நிலம், முள்ளுள்ள இடம், நல்ல நிலம் என்று தமிழில் சொல்கிறோம். ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை வயலையும் கண்டதில்லை, விதைக்கிறவனையும் கண்டதில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் அந்த ஒரு சொல்லுக்காக ஆங்கிலத்துக்கு மாறுகிறோம். பிறகு கதை முழுவதும் ஆங்கிலமாகிவிடுகிறது. இப்படியே போனால், அம்மம்மா வீட்டில் செய்யும் ஜெபத்துக்கு அர்த்தம் தெரியாமலே பேரப்பிள்ளை "ஆமென்" சொல்லும். கையில் ஒரு படம் இருந்தால் நாம் தமிழிலேயே நிற்கலாம். கடையில் வாங்கும் படங்களிலோ சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன.

இது புதிய யோசனை அல்ல. பொகீமிய சகோதரர் சபையின் பேராயரான கொமேனியுஸ் என்பவர், போரினாலும் துன்புறுத்தலினாலும் சொந்த நாட்டை விட்டு அகதியாக அலைந்தவர். அவர் எழுதிய சிறுவர் படநூல் 1658-இல் நூரம்பெர்க் நகரில் வெளிவந்தது. படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம். கீழே அதே இலக்கத்துடன் அப்பொருளின் பெயர் லத்தீனிலும் ஜெர்மனிலும். பிள்ளை இலக்கத்தைப் பார்த்துச் சொல்லைக் கற்றுக்கொள்ளும். ஒரு வயலின் புகைப்படத்தில் 1, 2, 3, 4 என்று இலக்கமிட்டு, கீழே தமிழ்ச் சொற்களை எழுதினால் அதே முறை நம் கைக்கு வந்துவிடும்.

இனி மென்பொருளுக்கு வருவோம். போட்டோஷொப் 1990-இல் வந்தது. அதற்குக் கட்டணம் உண்டு. கிம்ப் இலவசம். 1995-இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கியது. நம் வேலைக்கு அது தாராளமாகப் போதும்.

பலர் பயப்படுவது 'லேயர்' என்ற சொல்லுக்கு. நம்மில் மூத்தவர்கள் ஃபிளானல் பலகையில் படிப்பித்திருக்கிறார்கள். பின்னால் வானமும் வயலும், அதன்மேல் மரம், அதன்மேல் மனிதன். ஒன்றை எடுத்தாலும் மற்றவை அப்படியே இருக்கும். லேயர் என்பது அதுதான். ஃபிளானல் பலகை தெரிந்தவருக்குப் பாதி மென்பொருள் ஏற்கனவே தெரியும்.

முதலில் நான்கு காரியங்களைக் கற்றால் போதும்.

ஒன்று, வேண்டாத ஓரங்களை வெட்டுவது. பாடம் கழுதையைப் பற்றியதென்றால் கழுதை மட்டும் பெரிதாகத் தெரியட்டும்.

இரண்டு, அளவு. அச்சிடுவதற்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் நல்லது. ஏ4 தாள் முழுவதற்கும் 2480 க்கு 3508 புள்ளிகள் வரும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடுவதால் பெரிதாக அச்சிடும்போது மங்கும். ஆகவே படத்தை 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பும்படி கேளுங்கள்.

மூன்று, தமிழ் எழுத்து. பாமினியில் அடித்தது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் குழம்பிவிடும். யூனிகோட்டில் அடியுங்கள், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்கள் இலவசம். பழைய போட்டோஷொப் பதிப்புகளில் கொம்பு இடம் மாறி விழுந்தால், எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை இயக்குங்கள்.

நான்கு, சேமிப்பது. கிம்ப்பில் எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமித்தால் லேயர்கள் பிரிந்தபடியே இருக்கும். அச்சிட ஜேபெக் பிரதி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மூலக் கோப்பு இருந்தால், அடுத்த வருடம் வேறோர் ஆசிரியர் சொல்லை மட்டும் மாற்றிப் பயன்படுத்தலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். இணையத்தில் கிடைப்பதெல்லாம் நமக்குச் சொந்தமல்ல. நாமே எடுத்த படங்கள், பொதுவில் பயன்படுத்த அனுமதியுள்ள படங்கள், காப்புரிமைக் காலம் முடிந்த பழைய சித்திரங்கள் ஆகியவற்றையே எடுப்போம். குஸ்டாவ் டோரே 1866-இல் வெளியிட்ட வேதாகமச் சித்திரங்கள் அப்படிப்பட்டவை. அடுத்தது, பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோரின் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது.

அழகாகச் செய்வதற்கென்று இரவெல்லாம் கணினி முன் இருக்க வேண்டாம். பிள்ளைக்கு விளங்கினால் படம் நல்ல படம். படம் பாடத்தை நடத்தாது. நாம்தான் நடத்த வேண்டும். படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டு, பிள்ளை தமிழில் பதில் சொல்லும்வரை பொறுத்திருப்பதே நம் வேலை.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு பாடத்தைப் பொறுப்பெடுத்து நான்கு படங்கள் செய்யட்டும். நம் வாலிபர்களுக்குக் கணினி தெரியும். மூத்தவர்களுக்குத் தமிழ் தெரியும். இருவர் இருவராக அமர்ந்தால் இரு பக்கமும் கற்றுக்கொள்ளும். ஊரில் வயலும் பனையும் கிணறும் படமெடுத்து வைத்திருப்பவர்கள் அவற்றைத் தந்து உதவுங்கள். அடுத்த ஆண்டு விழாவுக்குள் நம் சபைக்கென்று ஒரு படப்பெட்டி உருவாகிவிடும்.

கர்த்தர் நம் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக.