விளையாட்டும் ஒரு வைத்தியம்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நான் பேசப்போவது ஒரு பட்டப்படிப்பைப் பற்றி.

நான் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில், பக்கவாத நோயாளர்களின் மறுவாழ்வுப் பிரிவில் பணியாற்றுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, இதே கல்லூரியில் என்னோடு படித்த தோழி தொலைபேசியில் அழைத்தாள். "நல்லாப் படிக்கிற பிள்ளை. இப்ப விளையாட்டுக் காட்டுற படிப்புப் படிக்கப் போறாளாம். நீ டொக்டர், நீ சொன்னாக் கேட்பாள். ஒருக்காச் சொல்லடி" என்றாள். "ஓம், சொல்லுறன்" என்றேன்.

மகள் தெரிவு செய்திருந்தது தெரப்பியூட்டிக் றெக்ரியேஷன். தமிழில் பொழுதுபோக்குச் சிகிச்சை எனலாம். அதைப் படித்த ஓர் இளம்பெண் எங்கள் பிரிவிலேயே வேலை செய்தாள். அவள் செய்வதை நான் சிகிச்சையாக எண்ணியதில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

அந்த நாட்களில் எங்கள் பிரிவில் ஒரு தமிழ் ஐயா இருந்தார். மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம். இடக்கை வழங்கவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவருடைய மூளை கவனிக்கவில்லை. தட்டின் வலப்பாதிச் சோற்றை உண்டுவிட்டு, "இவ்வளவுதானோ?" என்று கேட்பார். பயிற்சிக்கு அழைத்தால், "நான் என்ன சின்னப்பிள்ளையே, பந்து உருட்ட?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்தப் பெண் ஐயாவின் மனைவியிடம் கேட்டாள்: "இவர் முன்பு எதை விரும்பிச் செய்வார்?" பதில், 304. தமிழ் ஒரு சொல்லும் தெரியாத அவள் சீட்டாட்டத்தைக் கற்றுக்கொண்டு, ஐயா, மனைவி, மகன், தான் என நால்வராக மேசையில் அமர்ந்தாள். இறங்கும் சீட்டுகளை நாளுக்கு நாள் சற்று இடப்பக்கமாக நகர்த்தினாள். துரும்பு விழுந்ததா என்று பார்க்க ஐயா தலையைத் திருப்பித்தானே ஆகவேண்டும்! எத்தனை முறை தானாகத் திரும்பினார், எத்தனை முறை சொல்லித் திரும்பினார் என்று அவள் குறித்துக்கொண்டதை நான் பிறகுதான் கண்டேன்.

கை முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் சில கிழமைகளில் தட்டின் இடப்பக்கச் சோறும் முடிந்தது.

அதன்பின்தான் அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். வோட்டலூ, புரொக், ஹலிபக்ஸிலுள்ள டல்ஹவுசி ஆகிய பல்கலைக்கழகங்களில் இதை இளமாணிப் பட்டமாகப் படிக்கலாம். மனித உடல், உளவியல், வலுவிழப்பு, முதுமை, ஆய்வு முறைகள் என்று பாடங்கள் விரியும். நோயாளியை மதிப்பிடுதல், திட்டமிடுதல், செயற்படுத்தல், பலனை அளத்தல் என்ற நான்கு படிகளும் இதன் முதுகெலும்பு. வட அமெரிக்காவில் இத்துறைக்கான சான்றிதழ்ச் சபை 1981 இல் அமைந்தது. அதன் தேர்வுக்குத் தோற்றப் படிப்போடு குறைந்தது 560 மணித்தியாலக் களப்பயிற்சியும் வேண்டும்.

தங்கைமாருக்கு மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். வைத்தியரின் சம்பளம் இதில் வராது. ஒன்ராறியோவில் தாதியர் தொழிலைப்போல இது சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழிலும் அல்ல. "சீட்டு விளையாடச் சம்பளமோ?" என்று என்னைப் போன்றவர்களே கேட்போம்.

தோழியின் மகளிடம் இவை எல்லாவற்றையும் சொன்னேன். ஐயாவின் கதையையும் சொன்னேன். "நீ படி" என்று முடித்தேன். தோழி ஆறு மாதம் என்னோடு கதைக்கவில்லை. மகள் இன்று ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறாள். தோழி இரண்டாம் வரிசையில் இருந்து சிரிக்கிறாள், ஆகவே இப்போது பயமில்லாமல் சொல்லலாம்.

1995 ஒக்ரோபர் இடம்பெயர்வை என் வயதினர் மறக்கமாட்டோம். தென்மராட்சியில், ஒரு மாமரத்தின் கீழ், புத்தகம் இல்லை, கரும்பலகை இல்லை. எங்களில் சிலர் கதைப்பதையே விட்டிருந்தோம். எங்கள் ரீச்சர் மண்ணில் தடியால் கோடு கீறி, "வாருங்கோ பிள்ளையள், கிளித்தட்டு" என்றார். முதல்நாள் ஒருவரும் எழும்பவில்லை. அவர் தனியே கோட்டில் நின்றார். மூன்றாம் நாள் நான் எழும்பினேன். ஓடினேன், பிடிபட்டேன், கத்தினேன். வீட்டை விட்டு வந்தபின் என் குரலை நானே கேட்டது அன்றுதான்.

அவர் செய்ததற்கு ஒரு பெயரும் பட்டமும் உண்டென்று அறிய எனக்கு இத்தனை காலம் எடுத்தது. உங்கள் மகளோ பேத்தியோ இப்படியொரு படிப்பைக் கேட்டு வந்தால், மறுக்கமுன் அந்த மாமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.