கட்டும் மரமும்



சி, ஏ, டி என்னும் மூன்றெழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்கள் பல. 'கேட்டலாக்' பட்டியல், 'கேட்டபல்ட்' கவண், 'கேட்டராக்ட்' பேரருவி, கண்ணிற் படரும் புரையும் அதுவே. இவை கிரேக்கத்து வழி வந்தவை. 'கத்தா' என்னும் கிரேக்க முன்னொட்டுக்குக் கீழ்நோக்கி என்பது ஒரு பொருள். அருவிக்கு அது நன்கு பொருந்துகிறது. பூனைக்கும் அதே மூன்றெழுத்துத்தான். உறவு மட்டும் இல்லை!

'கேட்டமரான்' என்பதும் இக்குடும்பத்ததன்று. அது நம் கட்டுமரம். சோழமண்டலக் கரையில் வழங்கிய இப்பெயரை வில்லியம் டாம்பியர் 1697இல் வெளிவந்த தம் பயணநூலில் குறித்துள்ளார். பின்னாளில் ஆங்கிலம் அதனை இரட்டையுடற் படகுக்குச் சூட்டிவிட்டது. ஆகவே ஆங்கிலம் பயிலும் நம் சிறுவர், தம் தாய்மொழிச் சொல்லையே அயற்சொல்லென மனனம் செய்ய நேர்கிறது.

திருவனந்தபுரத்தில் வாழும் நாம் இதனை அகராதி கொண்டு விளக்க வேண்டுவதில்லை. இழைக்கண்ணாடிப் படகுகள் பெருகியமையால் கட்டுமரங்கள் அருகிவிட்டன. எனினும் பூந்துறை, விழிஞ்ஞம் பக்கத்து மீனவர்க்கு அவை நெடுங்காலத் தொழிற்கருவி. மலையாளத்திலும் கட்டமரம் என்றே பெயர். கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலரவிடுவது வழக்கம். அப்போது கட்டு ஒருபுறமும் மரம் ஒருபுறமுமாக மணலிற் கிடக்கும்.