சொல்லக் கூசும் துன்பம்



புற்றுநோய்க்குச் செலுத்தப்படும் மருந்துகளைப் பற்றிப் பேசுவோர், முடி உதிர்தலையும் குமட்டலையும் தவறாமல் குறிப்பிடுவர். மறைவிடங்களில் உண்டாகும் எரிச்சலையும் வலியையும் குறிப்பிடுவோர் மிகச் சிலரே. இத்துன்பங்களை வெளியிடாதிருக்க நாணம் ஒரு காரணம். வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு மொழியும் மற்றொரு காரணமாகிறது. மறைப்பதனாலோ எளிதில் தணியக்கூடிய துன்பம் முற்றிவிடுகிறது. சில வேளைகளில் உயிருக்கே கேடு நேர்கிறது.

நம்மவருள் பலர் இவ்வெரிச்சலை 'மருந்தின் சூடு' என்று கருதி, எண்ணெய்க் குளியலையும் விளக்கெண்ணெயையும் நாடுவர். உண்மைக் காரணம் வேறு. விரைந்து பெருகும் அணுக்களை அழிப்பதே இம்மருந்துகளுட் பலவற்றின் வேலை. வாய் முதல் ஆசனவாய் வரையுள்ள மெல்லிய உட்சவ்வின் அணுக்களும் விரைந்து பெருகுபவையே. ஆதலின் அவையும் தாக்குண்டு, அவ்விடம் புண்படுகிறது.

மலச்சிக்கல் இவ்வேதனையைப் பெருக்குகிறது. நம் வீட்டுத் தோட்டங்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படும் வின்கிறிஸ்டின் என்னும் மருந்து, குடலை இயக்கும் நரம்புகளைத் தளரச் செய்யும். குமட்டலை அடக்கும் ஆன்டன்செட்ரானும் வலி தணிக்கும் மார்பினும் மலத்தை இறுக்குபவை. இறுகிய மலம் ஆசனவாயில் வெடிப்பையும் மூலத்தையும் தோற்றுவிக்கும். ஆகவே சிக்கல் தொடங்கியபின் வருந்துவதினும், மலமிளக்கி வேண்டுமா என்பதை முதல் நாளே மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று. ஐரினோடிகான், கேபசிடபின் போன்றவையோ பேதியை உண்டாக்கக்கூடும். அப்பொழுது உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பருகுவதோடு, மருத்துவருக்கும் உடனே அறிவித்தல் வேண்டும்.

புண்பட்ட இடத்தை ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான நீரால் மென்மையாகக் கழுவி, தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தூய்மையான அகன்ற தொட்டியில் வெதுவெதுப்பான நீரை நிரப்பி, பத்து நிமிடம் இடுப்புக் குளியல் செய்வதும் இதம் தரும். பின்னர் வாசலினோ துத்தநாகக் களிம்போ மெல்லப் பூசலாம். கிருமிநாசினி கலந்த நீர், மணமுள்ள சோப்பு, மஞ்சள் விழுது ஆகியவை எரிச்சலை மிகுவிக்கும். இறுக்கமற்ற பருத்தி உள்ளாடையே ஏற்றது.

மகளிர்க்குச் சில மருந்துகளால் சூலகத்தின் செயல் குன்றி, பிறப்புறுப்பில் வறட்சியும் அரிப்பும் உண்டாகலாம். நீரை அடிப்படையாகக் கொண்ட வழவழப்புக் களிம்புகள் இதற்குப் பயன்படும். ஹார்மோன் கலந்த களிம்பைப் புற்றுநோய் மருத்துவரின் இசைவின்றிப் பயன்படுத்தலாகாது. தயிர்போன்ற வெள்ளைப்படுதலும் கடும் அரிப்பும் காளான் தொற்றின் குறிகளாகலாம். அதற்குத் தனி மருந்து உண்டு. தாம்பத்திய உறவில் வலி ஏற்படுமாயின் கணவரும் அதனை அறிந்து பொறுத்தல் வேண்டும். சிகிச்சைக் காலத்தில் கருத்தரித்தலைத் தவிர்ப்பதும் இன்றியமையாதது.

சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப் பையை உறுத்தக்கூடியது. மருத்துவர் தடை செய்யாதவிடத்து நீரை மிகுதியாகப் பருகி, சிறுநீரை அடக்காமல் கழித்தல் வேண்டும். டாக்ஸோருபிசின் செலுத்திய ஓரிரு நாட்கள் சிறுநீர் சிவந்து காணப்படலாம். அது மருந்தின் நிறமே. அதன் பின்னும் சிவப்பு நீடித்தால், அல்லது அம்மருந்து பெறாதவர்க்குச் சிவப்பு தோன்றினால், உடனே தெரிவிக்க வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. மருந்து செலுத்திய 7 முதல் 14 நாட்களுக்குள் பெரும்பாலும் இரத்தத்தின் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும். அக்காலத்தில் ஆசனவாயின் சிறு வெடிப்பு வழியாகவும் கிருமிகள் இரத்தத்தில் புகக்கூடும். காய்ச்சல் 100.4 பாரன்ஹீட் பாகையைத் தொட்டால், நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு விரைக. மருத்துவரைக் கேளாமல் எனிமாவோ, ஆசனவாயில் செருகும் மருந்தோ கூடவே கூடாது.

இனி மொழியைப் பற்றி ஒரு சொல். மும்பையிலோ தில்லியிலோ சிகிச்சை பெறும் தமிழ்த் தாய்க்கு, மருத்துவரிடம் பேசித் தருபவர் பெரும்பாலும் அவர்தம் மகனே. மகனின் வாயிலாக அத்தாய் இதனைக் கூறுவாரா? ஆதலின் மகளையோ, மருமகளையோ, அண்டை வீட்டுப் பெண்மணியையோ உடனழைத்துச் செல்க. வட இந்திய மருத்துவமனைகள் பலவற்றில் கேரளத்துச் செவிலியர் பணியாற்றுகின்றனர். அவருட் பலர்க்கு நம் பேச்சு ஓரளவு புரியும். சில இந்திச் சொற்களையும் அறிந்துகொள்ளலாம்: மலச்சிக்கல் 'கப்ஜ்', பேதி 'தஸ்த்', மூலம் 'பவாசீர்', எரிச்சல் 'ஜலன்', அரிப்பு 'குஜ்லி', சிறுநீர் 'பேஷாப்'. இச்சொற்களுள் ஒன்றைக் கூறினாலும் போதும். எஞ்சியவற்றைச் செவிலியரே கேட்டறிவர்.

நாள்தோறும் இத்தகைய துன்பங்களைக் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். நாம் சொல்வதைக் கேட்டு அவர்கள் முகம் சுளிப்பதில்லை. மகன்மாரும் ஒன்று செய்யலாம்: தாய் செவிலியரோடு பேசும் அச்சில நிமிடம், அறைக்கு வெளியே காத்திருக்கலாம்.