பெஞ்சா, மைதானமா?

தொழில்முறைக் கால்பந்துக்கு வரும் இளைஞர்கள் தங்கள் பாதையை எப்படித் தேர்ந்தெடுப்பது? இதுதான் இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. அகாடமி, ஒப்பந்தம், ஏஜென்ட், காயம், படிப்பு என்று நாள் முழுக்கப் பேசலாம். இங்கே இருப்பது சில நிமிடங்கள்தான். அதனால் சென்னையில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் எனக்கு எது அதிகம் உறுத்துகிறதோ, அதையே பேசிவிடுகிறேன். பதினெட்டு வயதில் ஒரு பையன் பெரிய கிளப்பின் பெஞ்சில் உட்கார வேண்டுமா, சின்ன கிளப்பில் இறங்கி ஆட வேண்டுமா?

லோன் என்ற ஏற்பாடு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு இரண்டே வரி. ஒரு கிளப் தன் வீரரை அரை சீசனுக்கோ முழு சீசனுக்கோ இன்னொரு கிளப்பில் ஆட அனுப்புகிறது. ஒப்பந்தம் பழைய கிளப்பிடமே இருக்கும். சம்பளத்தை யார் எவ்வளவு கொடுப்பது என்று இரு தரப்பும் பேசிக்கொள்வார்கள். அவ்வளவுதான். ஆனால் வீட்டில் இதைச் சொன்னால் அம்மா முகம் வாடிவிடும். 'உன்னை வேண்டாம்னு அனுப்பிட்டாங்களா?' என்பார்கள்.

அந்த அம்மாக்களுக்கு நான் சொல்லும் கதை இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் ஹாரி கேனுடையது. இது எனக்குச் சலிக்காத கதை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறுவனாக ஆர்சனல் அகாடமியில் ஒரு சீசன் இருந்தார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். 2004இல் டாட்டன்ஹாம் எடுத்துக்கொண்டது. 2011 ஜனவரியில், பதினேழு வயதில், அவரை லேட்டன் ஓரியன்ட்டுக்கு லோனில் அனுப்பினார்கள். அது மூன்றாம் நிலை லீக். லண்டனிலேயே இருக்கும் சின்ன கிளப். பதினெட்டு லீக் ஆட்டங்கள், ஐந்து கோல். அடுத்த ஆண்டு ஜனவரியில் மில்வால். இரண்டாம் நிலை லீக்கிலிருந்து கீழே இறங்கிவிடுவோமோ என்று தவித்துக்கொண்டிருந்த அணி அது. அங்கே எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து ஒன்பது கோல் அடித்தார். அணி தப்பியது, அந்த சீசனில் மில்வாலின் சிறந்த இளம் வீரர் என்ற விருதும் கிடைத்தது.

நேயர்களே, இந்த மில்வாலில்தான் எனக்கு மனம் நின்றுவிடும். அகாடமி ஆட்டங்களில் தோற்றால் கோச் திட்டுவார், மறுநாள் மறந்துவிடும். மில்வால் மாதிரி அணியில் தோற்றால் பக்கத்தில் ஆடும் முப்பது வயதுக்காரரின் அடுத்த ஆண்டு ஒப்பந்தமே ஆட்டம் காணும். அவர் வீட்டில் வாடகை கட்ட வேண்டும். அவர் உங்களுக்குப் பந்தைக் கொடுக்கும்போது அதில் அந்தப் பாரமும் சேர்ந்தே வரும். பதினெட்டு வயதுப் பையனுக்கு இதை எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாது.

எங்கள் சென்னை லீக்கிலேயே பார்த்திருக்கிறேன். என் பையன் ஒருவன் ஜூனியர் ஆட்டங்களில் யாரையும் சுற்றிக்கொண்டு போய்விடுவான். முதல் முறையாக ஒரு ஆபீஸ் டீமுக்கு எதிராக இறக்கினேன். எதிரே கொஞ்சம் தொப்பை விழுந்த ஒரு ஸ்டாப்பர் பேக். ஓடவே மாட்டார். ஆனால் பந்து வருவதற்கு முன்பே அவர் தோள் இவன் நெஞ்சில் இருக்கும். பாதி ஆட்டத்தில் பையன் என்னிடம் வந்து, 'சார், அவரு ஃபவுல் பண்றாரு, ரெஃப்ரி பார்க்கல' என்றான். 'ரெஃப்ரி பார்க்காத மாதிரி எப்படிச் செய்யறாருன்னு நீ பார்த்தியா?' என்றேன். இரண்டாம் பாதியில் பந்து வருமுன் தன் உடம்பைத் திருப்பி வைக்கக் கற்றுக்கொண்டிருந்தான். ஒரே ஆட்டம்.

கேன் கதைக்கு வருகிறேன். எல்லா லோனும் இனிப்பதில்லை. 2012இல் நார்விச் போனார். கால் எலும்பு முறிந்தது. 2013 தொடக்கத்தில் லெஸ்டர். அங்கே பெரும்பாலும் பெஞ்சு, பதினைந்து ஆட்டங்களில் இரண்டே கோல். இரண்டாம் நிலை லீக்கிலேயே இடம் கிடைக்காதவன் டாட்டன்ஹாமில் எப்படி ஆடுவேன் என்று குழம்பியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த லெஸ்டர் பெஞ்சில் அவரோடு உட்கார்ந்திருந்த இன்னொருவர் பெயர் ஜேமி வார்டி. பதினாறு வயதில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே கழற்றிவிட்டவர். தொழிற்சாலையில் வேலை பார்த்தபடி சிற்றூர் அணியில் ஆடியவர். 2015-16 சீசன் முடிந்தபோது பிரீமியர் லீக்கில் டாட்டன்ஹாமின் கேனுக்கு 25 கோல், வார்டிக்கு 24. கோப்பையோ வார்டியின் லெஸ்டருக்கு!

இங்கே ஒரு எச்சரிக்கை. லோன் என்றாலே வரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு காலத்தில் செல்சி போன்ற கிளப்புகள் ஒரே சீசனில் நாற்பதுக்கும் மேற்பட்ட வீரர்களை வெளியே அனுப்பி வைத்திருந்தன. அவர்களில் பலர் தங்கள் கிளப்புக்குத் திரும்பி ஆடவே இல்லை. 2022இல் ஃபிஃபா சர்வதேச லோன்களுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. 2024 முதல் ஒரு கிளப் ஆறு பேருக்கு மேல் அப்படி அனுப்ப முடியாது. ஆனால் தானே வளர்த்த, இருபத்தொரு வயது வரையிலான பையன்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

அப்படியானால் நல்ல லோன் எது? மார்ட்டின் ஒடகார்டைப் பாருங்கள். நார்வே பையன், பதினைந்து வயதிலேயே தேசிய அணியில் ஆடியவர். 2015 ஜனவரியில் பதினாறு வயதில் ரியல் மாட்ரிட் அள்ளிக்கொண்டது. பயிற்சி முதல் அணியோடு, ஆட்டம் இரண்டாம் அணியில். இரண்டு வீட்டிலும் விருந்தாளி! பிறகு நெதர்லாந்தில் ஹேரன்வேன், விட்டெஸ், அங்கிருந்து ஸ்பெயினின் ரியல் சோசியதாத். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி மேலே, ஒவ்வொரு இடத்திலும் தொடர்ந்து ஆட்டம். 2021இல் ஆர்சனல், 2022இல் அதன் கேப்டன். ஊர் உலகம் 'பாவம், வீணாகிவிட்டான்' என்று சொன்ன ஆண்டுகளில்தான் அவர் ஆட்டத்தைக் கற்றார்.

ஆகவே என்னிடம் வரும் பெற்றோரிடம் மூன்று கேள்விகள் கேட்பேன். எழுதிக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக்கொள்ளலாம். அந்த அணியில் உங்கள் பையனின் இடத்தில் இப்போது ஆடுவது யார், அவருக்கு வயது என்ன? உங்களோடு போனில் பேசியது கோச்சா, இல்லை ஏஜென்ட் மட்டும்தானா? பையன் ஆடவில்லை என்றால் பாதியில் திரும்ப வழி இருக்கிறதா? ஒருமுறை ஒரு தகப்பனார் மூன்றுக்கும் பதில் சொல்லாமல், 'ஜெர்சி எவ்வளவு அழகா இருக்கு பாருங்க சார்' என்றார். பையன் வெளிமாநிலத்துக்குப் போனான். சீசன் முழுக்கப் பயிற்சி, போட்டி ஆட்டம் இல்லை. திரும்பி வந்தபோது உடம்பு இரும்பு மாதிரி இருந்தது, ஆனால் பந்து காலில் வந்த பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தான். மறுபடி ஆட்டத்தின் வேகம் பிடிக்க நெடுநாள் ஆயிற்று.

ஆடினால்தான் கற்க முடியும் என்பதை நம் நாட்டிலும் உணர்ந்தவர்கள் இருந்தார்கள். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010இல் இளைஞர்களுக்கென்றே ஓர் அணி தொடங்கி, பின்னர் இந்தியன் ஆரோஸ் என்று பெயரிட்டு, ஐ-லீக்கில் பெரியவர்களோடு மோதவிட்டது. அடிக்கடி தோற்றார்கள், ஆனால் ஆடினார்கள். 2022இல் அதை மூடிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.

படிப்பு, ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை பற்றியெல்லாம் சொல்ல நினைத்தேன். ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: படிப்பை விடாதீர்கள், ஒப்பந்தத்தை அப்பா மட்டுமில்லாமல் விவரம் தெரிந்த இன்னொருவரும் படித்த பிறகே கையெழுத்து, இருபத்தொன்று வரை சம்பளத்தையும் சட்டையையும்விட ஆடும் நிமிடங்களைக் கணக்கிடுங்கள். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஏதாவதொரு பையன் இந்த சீசனில் ஒரு சின்ன கிளப்புக்குப் போகத் தயங்கிக்கொண்டிருந்தால், தைரியமாகப் போ தம்பி. சனிக்கிழமை பதினொருவரில் உன் பெயர் இருக்கட்டும்.