புகார் எந்தப் படியில் ஏறுவது?



இந்த நினைவுப் பேருரையில் ராணுவத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் வியந்தீர்கள். நமக்கும் பட்டாளத்துக்கும் பழைய உறவு உண்டு. பாபாசாகேப் பிறந்தது மாவ் ராணுவ முகாமில். அவருடைய தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடப்படாதவருக்குப் பட்டாளம் சம்பளமும் சீருடையும் தந்தது. கீழே வைக்கப்பட்டவர்களுக்கு அது ஒரு வாசல்.

வேறொரு நாட்டில் அப்படியொரு வாசலுக்குள் நுழைந்த பெண் வனெஸா கியேன். மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோரின் மகள். ஹூஸ்டனில் வளர்ந்து, பள்ளி முடித்ததும் 2018இல் தரைப்படையில் சேர்ந்தார். டெக்சாஸின் ஃபோர்ட் ஹூட் முகாமில் பணி.

2019இல் அவருடைய மேலதிகாரி ஒருவர் பாலுறவுக்கு அழைக்கும் விதமாகப் பேசினார். களப்பயிற்சியின்போது அவர் உடலைச் சுத்தம் செய்துகொண்டிருந்த இடத்துக்கும் அதே அதிகாரி வந்தார். பிரிவின் தலைமைக்கு இது தெரிவிக்கப்பட்டது. யாரும் விசாரணை தொடங்கவில்லை.

2020 ஏப்ரல் 22 அன்று வனெஸா காணாமல் போனார். ஜூன் 30 அன்று உடலின் எச்சங்கள் கிடைத்தன. வயது 20. முகாமுக்குள்ளேயே சக சிப்பாய் ஒருவன் அவரைக் கொன்றிருந்தான். சீண்டிய அதிகாரி வேறு, கொன்றவன் வேறு. இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனால் ஒன்றை நாம் மறக்கவும் கூடாது. உயிரோடு இருந்தவரை அந்தப் பெண்ணின் புகாருக்கு விசாரணை இல்லை. அவர் சொன்னது உண்மை என்று ராணுவம் ஒப்புக்கொண்டது 2021இல், அவர் இறந்த பிறகு.

ஃபோர்ட் ஹூட்டை ஆராய்ந்த தனிக்குழு 2020 டிசம்பரில் அறிக்கை தந்தது. 500க்கும் மேற்பட்ட பெண் சிப்பாய்களிடம் பேசியதில், நம்பத்தகுந்த 93 பாலியல் தாக்குதல்கள் தெரியவந்தன. புகாராகப் பதிவானவை 59 மட்டுமே. பழிவாங்குவார்கள், பெயர் வெளியே போய்விடும், வேலை கெடும் என்ற அச்சம் மற்றவர்களின் வாயைக் கட்டியது.

அடையாளம் காண்பது எப்படி என்று மாணவர்கள் கேட்பீர்கள். தொடுவதில்தான் தொடங்கும் என்று காத்திருக்காதீர்கள். உடலைப் பற்றிய கிண்டல், ராத்திரியில் வரும் செய்தி, காரணமில்லாமல் தனியே அழைப்பது, மறுத்த மறுநாளே மாறும் பணிப்பட்டியல், எல்லாமே அடையாளம்தான். படையில் விடுப்பும் உறக்கமும் பதவி உயர்வும் மேலதிகாரியின் கையில் இருக்கின்றன. அங்கே ஒரு பெண் சிரித்துச் சமாளிப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா? பக்கத்தில் நின்று சேர்ந்து சிரிப்பவரும் அந்தக் குற்றத்துக்குத் துணை நிற்கிறார்.

சிக்கலின் வேர் ஏணியில் இருக்கிறது. புகார் ஏற வேண்டிய ஏணியின் மேற்படியில் குற்றம் செய்தவரோ அவருடைய நண்பரோ நிற்கிறார். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சாதிக்குச் சொன்ன இலக்கணம் இங்கும் பொருந்துகிறது. ஒவ்வொருவரும் மேலே இருப்பவருக்கு அஞ்சிக் கீழே இருப்பவரை அடக்குகிறார். அந்த வாசலை விட்டால் வேறு வாசல் இல்லாதவர் கடைசிவரை வாய் திறப்பதில்லை.

ஆயிரக்கணக்கான பெண் சிப்பாய்கள் ‘நானும் வனெஸா கியேன்’ என்று தங்கள் அனுபவங்களை வெளியே சொன்னார்கள். 2022 ஜனவரியில் பாலியல் சீண்டல் ராணுவச் சட்டத்தில் தனிக் குற்றமானது. பாலியல் தாக்குதல் வழக்கைத் தொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அதிகாரம், 2023 இறுதியில் தளபதிகளிடமிருந்து தனி வழக்கறிஞர்களுக்குப் போனது. சுவரொட்டியும் வருடாந்திர வகுப்பும் செய்யாததை, புகாரை ஏணியிலிருந்து வெளியே எடுப்பதால்தான் செய்ய முடியும்.

இந்தியாவில் 2021 முதல் பெண்கள் தேசிய பாதுகாப்பு அகாதெமித் தேர்வு எழுதுகிறார்கள். நம் மகள்களும் போவார்கள். அவர்கள் கையில் இருக்கும் சட்டம் எங்கிருந்து வந்தது? ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற குயவர் சமூகப் பெண் அரசுத் திட்டத்தின் கிராமப் பணியாளர். குழந்தைத் திருமணத்தைத் தடுத்ததற்காக 1992இல் ஆதிக்க சாதி ஆண்களால் வன்கொடுமைக்கு ஆளானார். 1995இல் அவர்கள் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். அவருக்கு நேர்ந்ததிலிருந்து எழுந்த வழக்கில்தான் 1997இன் விசாகா தீர்ப்பு வந்தது. அதிலிருந்து 2013இன் சட்டம். கீழே வைக்கப்பட்ட ஒரு பெண்ணின் வலியால் எழுதப்பட்ட சட்டம் அது.

அந்தச் சட்டப்படி, 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பெண் தலைமையில் உள்ளகக் குழு வேண்டும். வெளியாள் ஒருவர் அதில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம்; 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். 10 பேருக்குக் குறைந்த இடமென்றாலும், முதலாளி மீதே புகாரென்றாலும், மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நம்மைப் பற்றி. ‘படையின் பெயர் கெட்டுவிடும்’ என்று அங்கே சொன்னார்கள். ‘இயக்கத்தின் பெயர் கெட்டுவிடும், எதிரி பயன்படுத்திக்கொள்வான்’ என்று இங்கே நாம் சொல்கிறோம். நம் மேடைகளில், பயிற்சி முகாம்களில், இதழ் அலுவலகங்களில் ஒரு தங்கை புகார் சொல்ல வந்தால், எந்தத் தோழருக்கும் கட்டுப்படாத ஒருவர் அதைக் கேட்க இருக்கிறாரா? இல்லையென்றால், அடுத்த கூட்டத்தின் முதல் தீர்மானமாக அதை வையுங்கள். நான் இங்கே பேசியதைப் பாராட்டுவதைவிட அதுவே எனக்குப் போதும்.