இரண்டாம் முறை உட்காரும்போது

கள்ளக்குறிச்சிப் பெருமக்களே, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் உறவுகளே!

எண்ணெய்க் கிணறு காவிரி டெல்டாக்காரன் பிரச்சினை, நமக்கென்ன என்று கேட்பவர்கள் உண்டு. நம் கோமுகி எங்கே போகிறாள்? மணிமுத்தாற்றோடு சேர்ந்து, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறாள். நம் மலைத் தண்ணீர் போய்ச் சேரும் மண் அது. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்குவோம் என்று 2020 பிப்ரவரி 9 அன்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்ததும் இதோ, பக்கத்துத் தலைவாசலில்தான்.

அந்த அறிவிப்பு சும்மா வந்துவிடவில்லை. மீத்தேன் எடுக்க நிலக்கரிப் படுகையின் நீரை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும், அப்புறம் நாற்றங்காலுக்கு என்ன மிஞ்சும் என்று ஊர் ஊராகக் கேட்டார் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். அந்தப் பிரச்சாரத்தில் இருக்கும்போதே, 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டை பக்கத்தில் உயிர் விட்டார்.

2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து, புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல் எழுந்தது. இசையமைப்பாளர் ஜி.வி.பிரகாஷ் போன்றவர்கள் நேரில் வந்தார்கள், கேமராக்கள் பின்னாலேயே வந்தன. வந்தது நல்லது, மனமார வாழ்த்துகிறேன். மார்ச்சில் போராட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. அதே மாதம் 27ஆம் தேதி டெல்லியில் அந்தத் திட்டத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது! ஏப்ரல் 12 அன்று நெடுவாசல் மக்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். சித்திரை, வைகாசி வெயில். நாடியம்மன் கோயில் திடலில் ஒரு பந்தல். வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து, அன்றாடம் அதே இடத்தில் உட்கார்ந்தார்கள் நம் தாய்மார்கள். நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்தார்கள் ஐயா! அப்போது எத்தனை கேமரா இருந்தது?

நட்சத்திரங்களிடம் நான் கேட்பது அந்த நாட்களைத்தான்.

நியூசிலாந்து நடிகை லூசி லாலெஸ் என்ன செய்தார் தெரியுமா? வடதுருவக் கடலில் ஷெல் கம்பெனிக்காகத் துளையிடப் புறப்பட இருந்த கப்பலில், 2012 பிப்ரவரியில் தோழர்களோடு ஏறி, அதன் துளையிடும் கோபுர உச்சியில் 77 மணி நேரம் இருந்தார். கைதானார். 120 மணி நேரச் சமூக சேவை செய்யும்படி நீதிமன்றம் தண்டித்தது. ஷெல் 2015இல் அலாஸ்கா கடலைவிட்டு வெளியேறியது. எண்ணெய் விலை சரிந்ததும் கிணற்றில் எதிர்பார்த்தது கிடைக்காததும் பெரிய காரணங்கள். அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த அம்மையார் தன் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை, வழக்கையும் தோளில் வாங்கிக்கொண்டார். புகழுக்கு அந்தக் கடமை உண்டென்று நான் நம்புகிறேன்.

தலைவாசலில் சொன்னது 2020லேயே சட்டமானது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கிணறுகளை அது தொடவில்லை. அரியலூர், கரூர், திருச்சி மாவட்டங்களை வெளியே விட்டுவிட்டது. ஆக, இன்னும் உட்கார வேண்டியிருக்கிறது.

ரசிகர் மன்றத் தம்பிகளே, உங்களில் பாதிப் பேர் விவசாயி வீட்டுப் பிள்ளைகள். உங்கள் நாயகனின் பிறந்தநாளுக்கு இந்த முறை ஒரு கடிதம் எழுதுங்கள். "அண்ணா, கேமரா போன பிறகு ஒரு நாள் பந்தலுக்கு வாருங்கள், நாங்களும் வருகிறோம்" என்று கேளுங்கள்.